உடனே வலிக்காததுதான் ஆபத்து: கருணாபுரத்தின் மெத்தனால் கல்லூரி லேபிலும் இருக்கிறது

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் 18 அன்று பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் பலருக்குக் குடித்த கையோடு எதுவும் ஆகவில்லை. வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் எல்லாம் மணிக்கணக்கில் கழித்துத்தான் வந்தன. மறுநாள் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிரம்பி, சேலம், விழுப்புரம் முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். வழக்கை சிபிஐ-க்கு மாற்றி சென்னை உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது.

அந்த வழக்கைப் பற்றியது அல்ல இந்தக் கட்டுரை. அதே மெத்தனால், அரை லிட்டர் பாட்டிலிலோ இரண்டரை லிட்டர் பாட்டிலிலோ, கல்லூரி வேதியியல் லேபின் அலமாரியிலும் இருக்கிறது. அதைத் திறக்கப்போகும் முதலாமாண்டு மாணவருக்கு யார், எப்போது, என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

மாணவர்கள் எங்கே மெத்தனாலைத் தொடுகிறார்கள்?

நாம் நினைப்பதைவிட நிறைய இடங்களில். பார்மசி கல்லூரியில் மருந்தைப் பிரித்துப் பார்க்கும் கருவிக்குக் கரைப்பான் அதுதான். ரத்தப் பரிசோதனை படிக்கும் மாணவர்கள் கண்ணாடித் தகட்டில் ஊற்றும் லீஷ்மன் சாயம், மெத்தனாலில் கரைத்தது. இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு இன்னும் நெருக்கம். புங்க எண்ணெயிலிருந்து பயோடீசல் என்பது தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஃபைனல் இயர் புராஜெக்ட். எண்ணெயோடு மெத்தனாலையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்து 60 டிகிரி செல்சியஸ் சுமாருக்குச் சூடாக்குவார்கள். மெத்தனால் கொதிப்பது 64.7 டிகிரியில். நாலு டிகிரி தவறினால் குடுவையில் இருப்பது ஆவியாகி அறைக்குள் பரவும்.

அந்த ஆவி பற்றிக்கொள்ள பெரிய வெப்பம் எதுவும் வேண்டாம். சுமார் 11 டிகிரியிலேயே மெத்தனால் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியை விடும். கள்ளக்குறிச்சியில் மார்கழி விடியற்காலையில்கூட அவ்வளவு குளிர் இருக்காது. அதாவது மூடி திறந்திருந்தாலே போதும், ஒரு பொறி கிடைத்தால் எரியும். எரிந்தாலும் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கு லேசில் தெரியாது. 2014 ஜனவரியில் நியூயார்க்கின் ஒரு பள்ளியில், உப்புகளை மெத்தனாலில் எரித்து வண்ணச் சுடர் காட்டும் செய்முறையின்போது தீ பாய்ந்து மாணவர்கள் தீக்காயமடைந்தார்கள். இந்த 'வானவில்' செய்முறை ஆபத்தானது என்று அமெரிக்காவின் வேதியியல் பாதுகாப்பு வாரியம் சில வாரங்களுக்கு முன்புதான் வீடியோ போட்டு எச்சரித்திருந்தது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

மெத்தனால் அப்படியே கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்பு கடித்தால் சுரீர் என்கிறதே, அதே அமிலம்தான். அது ரத்தத்தைப் புளிக்கவைத்து, பார்வை நரம்பைத் தாக்குகிறது. இந்த மாற்றம் நடக்க நேரம் பிடிக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம். கூடவே சாதாரண மதுவும் உள்ளே போயிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியைத் தடுத்துப் பிடிக்கிறது, டயாலிசிஸ் விஷத்தை வெளியே எடுக்கிறது. இரண்டுமே சீக்கிரம் போனால்தான் பலன்.

குடித்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. தோல் வழியாகவும் போகும், மூச்சு வழியாகவும் போகும். "ஒண்ணும் ஆகலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்று மாணவர் சொல்வதை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் இங்கே செய்யக்கூடிய பெரிய தப்பு.

எனக்கு இது சும்மா படித்துத் தெரிந்த விஷயம் அல்ல. பிளஸ் டூ வேதியியல் பிராக்டிகலில் நாங்கள் பிப்பெட்டை வாயில் வைத்துத்தான் உறிஞ்சினோம். ரப்பர் பல்ப் ஒன்று அலமாரியில் இருந்தது, ஆனால் பூட்டிய அலமாரி. ஒருநாள் ஆக்ஸாலிக் அமிலம் என் வாய்க்குள் வந்துவிட்டது. லேப் அட்டெண்டர் அண்ணன் ஓடிவந்து, "துப்பு பாப்பா, துப்பு, முழுங்கிடாத, கொப்பளி" என்று தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துப் போனார். அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்புப் பயிற்சி. ரெக்கார்டு நோட்டில் 'செய்யக்கூடாதவை' என்று ஒரு பக்கம் இருந்ததாக ஞாபகம். யாரும் படித்ததில்லை.

அனுபவம் ஏன் போதாது?

அடுப்பைத் தொட்டால் சுடும். குழந்தை ஒருமுறை தொட்டால் மறுமுறை தொடாது. ஆனால் லேபிலும் ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கும் மோசமான ஆபத்துகள் பல அப்படி உடனே சொல்லிக்கொடுப்பதில்லை. ஐடிஐ-யில் வெல்டிங் படிக்கும் பையனைக் கேளுங்கள். ஷீல்டு இல்லாமல் ஆர்க்கைப் பார்த்த அன்று மதியம் எதுவும் தெரியாது. ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல எரியும், தூங்கவிடாது. நாகத்தகடு வெட்டி வெல்டிங் வைத்தால் வரும் புகை சாயங்காலம் குளிர்க்காய்ச்சலாக வரும். ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள்.

இதில் உச்சம், அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான். நச்சு உலோகங்களைப் பற்றியே ஆராய்ந்தவர். 1996 ஆகஸ்ட் 14 அன்று டைமெத்தில் மெர்க்குரி சில துளிகள் அவருடைய கையுறையில் விழுந்தன. கழற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நடையும் பேச்சும் குழறியது 1997 ஜனவரியில். ஜூன் 8-ல் இறந்தார். அவர் போட்டிருந்த லேடெக்ஸ் கையுறையை அந்தத் திரவம் சில நொடிகளில் கடந்துவிடும் என்பது பிறகுதான் சோதித்துத் தெரிந்தது. அப்போதைய விதிப்படி அவர் சரியாகவே நடந்துகொண்டிருந்தார்.

கையுறை பற்றி இன்னொன்று. லேபில் கையுறை காப்பாற்றும், லேத் மெஷினில் அதே கையுறை கையை இழுத்து உள்ளே கொடுத்துவிடும். சுற்றும் மெஷின் பக்கம் கையுறை, துப்பட்டா, தொங்கும் பின்னல், ஐடி கார்டு கயிறு எதுவும் கூடாது. 2011 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழக ஒர்க்‌ஷாப்பில் 22 வயது இயற்பியல் மாணவி ஒருவர் இரவில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, தலைமுடி சிக்கி இறந்துபோனார். மெஷினை நிறுத்த ஓர் ஆள் பக்கத்தில் இல்லை. இன்ஜினீயரிங்கிலும் ஐடிஐ-யிலும் இப்போது பெண்கள் கூட்டம் கூடியிருக்கிறது. நீளமான பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் வைக்கச் சொல்வதை 'டிசிப்ளின்' கணக்கில் சேர்க்காமல், காரணத்தோடு சொல்ல வேண்டும்.

இந்தியாவில் நடக்கவில்லையா?

நடந்திருக்கிறது. 2018 டிசம்பர் 5 அன்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வகத்தில் வாயு சிலிண்டர் வெடித்து ஓர் ஆராய்ச்சியாளர் இறந்தார், மூவர் காயமடைந்தார்கள். நாட்டின் முதல்தர நிறுவனத்திலேயே இது. 2010-ல் டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை, பல வருடம் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கதிரியக்கக் கருவியை ஏலத்தில் விட்டது. மாயாபுரி இரும்புக்கடைக்காரர்கள் அதைப் பிரிக்க, உள்ளேயிருந்த கோபால்ட்-60 ஓர் உயிரைக் குடித்தது. அந்தத் தொழிலாளர்கள் எந்த லேபிலும் படித்தவர்கள் இல்லை. பாட்டிலில் மிச்சம் இருப்பதை வாஷ்பேசினில் கொட்டுவதும், காலி பாட்டிலைத் தண்ணீர் பிடிக்க வீட்டுக்கு எடுத்துப்போவதும் இதே கதையின் சின்ன வடிவம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 111ஏ பிரிவு, வேலையில் உள்ள ஆபத்தைத் தெரிந்துகொள்ளவும் பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமை கொடுத்தது. மாணவர் தொழிலாளி இல்லை, லேப் தொழிற்சாலை இல்லை. ஆகவே அதே மெத்தனாலை ஆலையில் கையாளும் ஒருவருக்கு உள்ள பிடிமானம், கல்லூரியில் கையாளும் பத்தொன்பது வயதுக்காரருக்கு இல்லை. கல்லூரி நிர்வாகம், துறைத் தலைவர், அந்த வருடம் யார் லேப் பொறுப்பு என்பதையெல்லாம் பொறுத்துப் பயிற்சி நடக்கும் அல்லது நடக்காது.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 2008 டிசம்பர் 29 அன்று, காற்றுப் பட்டதும் எரியும் ரசாயனத்தை எடுத்த 23 வயது ஆய்வு உதவியாளரின் ஸ்வெட்டர் தீப்பிடித்தது. லேப் கோட் போட்டிருக்கவில்லை. 18 நாள் கழித்து இறந்தார். பயிற்சி கொடுத்ததற்கான பதிவு இல்லை என்பதும் விசாரணையில் குறையாகச் சொல்லப்பட்டது. அவர் மாணவர் அல்ல, சம்பளம் வாங்கும் ஊழியர். அதனால்தான் தொழிலாளர் பாதுகாப்புத் துறை உள்ளே வர முடிந்தது, வழக்கு பேராசிரியர் வரை போனது.

மலையிலிருந்து வரும் பிள்ளைகள்

கல்வராயன்மலையைச் சொல்லாமல் இந்த ஊரில் மெத்தனாலைப் பேச முடியாது. 'மலைச் சாராயம்' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊறலைப் போலீஸார் கொட்டி அழித்த செய்தி அடிக்கடி வரும். வெல்லமும் பட்டையும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சுவதில் வருவது பெரும்பாலும் எத்தனால். அதுவும் குடிக்கத் தகுந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கருணாபுரத்தில் கொன்ற மெத்தனால் எந்த மலை ஓடையிலும் காய்ச்சியது அல்ல, ஆலையில் தயாராகும் தொழில்துறை ரசாயனம். பழி மட்டும் சுலபமாக மலை ஏறிவிட்டது. மலைவாழ் மக்களின் நிலை குறித்து 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோதுதான், சாலையும் ஆஸ்பத்திரியும் பற்றிய பேச்சு கொஞ்சம் வந்தது.

வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இறங்கி வந்து பிஎஸ்சி வேதியியல் சேரும் பெண்ணுக்கு, வீட்டில் லேபைப் பார்த்தவர்கள் யாரும் இல்லாமல் இருக்கலாம். பாட்டில் லேபிளோ ஆங்கிலத்தில். ஆனால் அதில் எழுத்துப் படிக்காமலே புரியும் மூன்று படங்கள் உண்டு. சிவப்புச் சாய்சதுரத்துக்குள் தீச்சுடர் என்றால் பற்றிக்கொள்ளும். மண்டையோடு என்றால் விஷம். மார்பில் நட்சத்திரம்போல வெடித்த மனித உருவம் என்றால் உள்ளுறுப்பைக் கெடுக்கும். மெத்தனால் பாட்டிலில் மூன்றுமே இருக்கும். இதைத் தமிழில் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிஷம் போதும்.

முதல் பிராக்டிகலுக்கு முன் எதைக் கேட்கலாம்?

தீயணைப்பான் எங்கே என்று கேட்பதைவிட, அதை ஒருதரம் கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கண்ணில் அமிலம் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். அந்தக் குழாயில் மதியம் மூன்று மணிக்குத் தண்ணீர் வருகிறதா? தீக்காயத்துக்குப் பேஸ்ட்டும் பேனா மையும் வேண்டாம், 20 நிமிடம் சாதாரணக் குளிர்ந்த தண்ணீர். ஐஸ் கூடாது. அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. விஷம் உள்ளே போனால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, அந்தப் பாட்டிலையோ லேபிளின் போட்டோவையோ கையோடு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு முதலில் தேவை அந்தப் பெயர். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத்தாள் ஒன்று உண்டு. அதன் நான்காவது பகுதி முதலுதவி. பிரின்ட் எடுத்து லேப் சுவரில் ஒட்டச் சொல்லலாம், செலவு ரெண்டு ரூபாய்.

கூச்சமாக இருந்தால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். சுவரில் மாட்டியிருக்கிறதே அந்த முதலுதவிப் பெட்டி, அதன் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?