குடல் அழற்சிக்கு ரத்தம் சாட்சியாகுமா?

தீராத வயிற்றுவலி, வாரக்கணக்கில் நிற்காத பேதி, மலத்தோடு ரத்தம், காரணம் தெரியாமல் குறையும் எடை. இந்தத் தொல்லைகளோடு வருபவருக்கு மருத்துவர் எழுதித் தரும் பரிசோதனைகளில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் பெரும்பாலும் இருக்கும். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: நார்மலா, இல்லையா? நார்மல் என்றால் நிம்மதி, கூடியிருந்தால் கலக்கம். கிரோன் நோய், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் ஆகிய இரண்டையும் உள்ளடக்கிய குடல் அழற்சி நோயில் அந்த நிம்மதியும் தப்பாகலாம், கலக்கமும் தப்பாகலாம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து இந்த நோய் உண்டு, இல்லை என்று முடிவுகட்ட ரத்தப் பரிசோதனையால் ஆகாது. ஆனால் அதையே ஒரே நோயாளிக்குக் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்து, மலப் பரிசோதனை, கொலனோஸ்கோபி ஆகியவற்றோடு சேர்த்துப் படித்தால் குடலையே காப்பாற்றித் தரும். ரத்தம் நல்ல சாட்சி. தீர்ப்பு எழுதும் வேலையை மட்டும் அதனிடம் கொடுக்கக் கூடாது.

இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்தாலே அவற்றின் பலமும் பலவீனமும் விளங்கிவிடும். ஈ.எஸ்.ஆர். பரிசோதனையில், உறையாமலிருக்க சிட்ரேட் கலந்த ரத்தத்தை மெல்லிய நீண்ட கண்ணாடிக் குழாயில் நிரப்பி, ஆடாமல் செங்குத்தாக நிறுத்தி வைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கின்றன என்பதே ரிப்போர்ட்டில் வரும் எண். உடலில் அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் ரத்தத்தில் கூடும். அது சிவப்பணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்ப்பதால் அவை கனத்து வேகமாக இறங்கும். ஆனால் ரத்தசோகை, கர்ப்பம், முதுமை ஆகியவையும் இந்த வேகத்தைக் கூட்டும். அழற்சி அடங்கிய பிறகும் ஈ.எஸ்.ஆர். இறங்கப் பல நாட்கள் ஆகும். சி.ஆர்.பி. என்ற புரதம் இதைவிடச் சுறுசுறுப்பானது. 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டறிந்தார்கள். அழற்சி உள்ள இடத்திலிருந்து இன்டர்லூகின்-6 போன்ற வேதித்தூதுகள் வந்ததும் கல்லீரல் இதைச் சில மணி நேரத்தில் சுரக்கத் தொடங்குகிறது. ரத்தத்தில் இதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம்தான். அதனால் அழற்சி ஏறினால் உடனே ஏறும், மருந்து வேலை செய்தால் சில நாட்களில் இறங்கும். சிகிச்சை பலிக்கிறதா என்று பார்ப்பதற்கு இதைவிட வசதியான, மலிவான அளவுகோல் கிடைப்பது அரிது.

இந்த வசதியோடு ஒரு குறையும் ஒட்டிப் பிறந்திருக்கிறது. சி.ஆர்.பி. சுரப்பது கல்லீரல், அழற்சி குடலில்தான் இருக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சிறுநீர்த் தொற்று, பல் சீழ், மூட்டுவாதம், நுரையீரல் சளி என்று எது வந்தாலும் எண் ஏறும். மறுபக்கமும் உண்டு. கிரோன் நோயில் அழற்சி குடல் சுவரின் எல்லா அடுக்குகளையும் ஊடுருவுவதால் சி.ஆர்.பி. பொதுவாக நன்றாக ஏறுகிறது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பெரும்பாலும் உட்சவ்வோடு நின்றுவிடுவதால், புண் கண்ணுக்குத் தெரியும்போதுகூட எண் நார்மலாக இருக்கலாம். சிலருக்குப் பரம்பரைக் கூறுகளாலேயே சி.ஆர்.பி. அதிகம் ஏறுவதில்லை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் இப்படி ஏமாற்றும். சாதாரண நிலையில் அது லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால்தான் இரும்புச்சத்துக் குறைவு என்பார்கள். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும் என்பதால், 100 வரை இருந்தாலும் இரும்புக் குறைவு ஒளிந்திருக்கலாம். எண்ணை மட்டும் பார்ப்பவர், சோர்ந்து கிடக்கும் நோயாளியிடம் இரும்புச்சத்துக்குக் குறைவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. குடல் காசநோயும் கிரோன் நோயும் ஒரே மாதிரி முகம் காட்டும். இரண்டிலும் வயிற்றுவலி, எடைக் குறைவு, இரண்டும் சிறுகுடலின் கடைசிப் பகுதியையே அதிகம் தாக்கும், இரண்டிலும் சி.ஆர்.பி.யும் ஈ.எஸ்.ஆரும் ஏறும். மேலை நாடுகளில் கிரோன் நோய்க்குத் துப்பாகக் கருதப்பட்ட ‘அஸ்கா’ என்ற எதிரணு, இங்கே காசநோயாளிகளிடமும் காணப்படுவதால் இரண்டையும் பிரித்துக்காட்ட உதவவில்லை என்று இந்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காசநோயைக் கிரோன் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் தொற்று உடல் முழுக்கப் பரவ வழி திறந்துவிடும். எனவே கொலனோஸ்கோபி, திசுச் சோதனை, ஸ்கேன் ஆகியவற்றைத் தாண்டிக்கொண்டு ரத்தத்தை மட்டும் நம்பி சிகிச்சை தொடங்குவது இங்கே கூடுதல் ஆபத்து.

‘இத்தனை குறை உள்ள பரிசோதனை எதற்கு?’ என்று கேட்பது நியாயம்தான். பதில் சிகிச்சை வரலாற்றிலேயே இருக்கிறது. 1955இல் ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸின் கடுமையை வரையறுத்தபோது, ரத்தம் கலந்த மலம் நாளைக்கு 6 முறையோ அதற்கு மேலோ போவதோடு காய்ச்சல், நாடித்துடிப்பு, ஹீமோகுளோபின், 30ஐத் தாண்டிய ஈ.எஸ்.ஆர். ஆகியவற்றையும் சேர்த்தே பார்த்தார்கள். 1996இல் அதே ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. கடுமையான தாக்குதலுக்கு ஸ்டீராய்டு தொடங்கிய மூன்றாம் நாளில், மலம் 8 முறைக்கு மேல் போனாலோ, 3 முதல் 8 முறை போய் சி.ஆர்.பி. லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தாலோ, அவர்களில் 85 சதவீதம் பேருக்குப் பெருங்குடலை அகற்ற வேண்டிவரும் என்று அது கணித்தது. மருந்து மாற்றுவதா, அறுவை மருத்துவரை அழைப்பதா என்று தடுமாறும் வேளையில் இந்த எண் உயிர் காக்கும். இங்கே அது தனியாக நிற்கவில்லை, நோயாளியின் நிலையோடு சேர்ந்து நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2017இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த கால்ம் ஆய்வு இதே பாடத்தை நீண்டகால சிகிச்சைக்கும் பொருத்திக் காட்டியது. கிரோன் நோயாளிகள் 244 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு அறிகுறிகளை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டினார்கள். மற்ற பிரிவுக்கு அறிகுறிகளோடு, சி.ஆர்.பி. 5ஐத் தொட்டாலோ மலத்திலுள்ள கால்புரொடெக்டின் 250ஐத் தொட்டாலோ மருந்தைக் கூட்டினார்கள். 48 வாரம் கழித்துக் குடலின் உட்சவ்வு ஆறியிருந்தது முதல் பிரிவில் 30 சதவீதம் பேருக்கு. இரண்டாம் பிரிவில் 46 சதவீதம் பேருக்கு. ‘எனக்கு வலி இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன், பரிசோதனை எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். வலி அடங்கிய பிறகும் குடலுக்குள் புண் ஓசையின்றி வேலை செய்துகொண்டிருக்கலாம். குடல் சுருங்கி அடைபட்ட பிறகு தெரியவந்து பயனில்லை.

‘கொலனோஸ்கோபியே நேரில் காட்டும்போது எண்கள் எதற்கு?’ என்று வாதிடுவோரும் உண்டு. நேரில் பார்ப்பதற்கு ஈடில்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் முதல் நாளே பேதி மருந்து குடித்து, மயக்க ஊசி போட்டு, கணிசமாகச் செலவழித்துச் செய்யும் பரிசோதனையை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரும் தாங்க முடியாது. சிறுகுடலின் பெரும்பகுதிக்கு அந்தக் கருவி எட்டுவதும் இல்லை. கால்புரொடெக்டின் குடலுக்குள் வந்து சேரும் வெள்ளையணுக்களிலிருந்தே கசிவதால், சி.ஆர்.பி.யைவிடக் குடலுக்கு நெருக்கமான தடயம். ஆனால் அதன் விலை பல மடங்கு அதிகம்; எல்லா ஊர் லேபிலும் கிடைப்பதில்லை. மலிவான ரத்தப் பரிசோதனை அடிக்கடி, மலப் பரிசோதனை தேவைக்கேற்ப, கொலனோஸ்கோபி முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில் என்ற வரிசை நம் நோயாளிகளுக்குக் கட்டுப்படியாகும்.

புதிய பரிசோதனை வந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் அடக்கம் வேண்டும். ரத்தத்தில் 17 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து, யாருக்குக் கிரோன் நோய் முற்றும் என்று முன்கூட்டியே சொல்ல முயன்ற சோதனையை பிரிட்டனின் புரொஃபைல் ஆய்வு உரசிப் பார்த்தது. 2024இல் வெளியான முடிவின்படி, சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க அந்தச் சோதனை உதவவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே வலுவான மருந்து பெற்றவர்களில் 79 சதவீதம் பேர், ஸ்டீராய்டோ அறுவையோ இல்லாமல் ஓராண்டு நோய் அடங்கி இருந்தார்கள். படிப்படியாக மருந்தைக் கூட்டியவர்களில் அந்த நிலையை எட்டியது 15 சதவீதம்தான். ஆராய்ச்சி தொடரட்டும், அதுவரை, கையிலிருக்கும் எளிய பரிசோதனைகளை ஒழுங்காகப் பயன்படுத்துவதே நோயாளிக்கு அதிகப் பயன் தரும்.

இந்த நோயோடு வாழ்பவர்கள் செய்ய வேண்டியது கடினமானதல்ல. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். முடிந்தவரை ஒரே லேபுக்குப் போங்கள். சி.ஆர்.பி.யைச் சில லேப்கள் லிட்டர் கணக்கிலும் சில டெசிலிட்டர் கணக்கிலும் தருகின்றன. 5 என்பதும் 0.5 என்பதும் ஒரே அளவாக இருக்கலாம், அலகைப் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு முந்தைய வாரம் காய்ச்சலோ தொற்றோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு எண் நார்மலானதும் மருந்தை நிறுத்தாதீர்கள். ஒரு எண் ஏறியதும் நீங்களாகவே ஸ்டீராய்டு வாங்கி விழுங்காதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இன்றைய ரிப்போர்ட்டோடு கடந்த ஓராண்டின் ரிப்போர்ட்டுகளையும் மேஜையில் வைத்து, சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.