களைப்புக்கும் ஒரு கணக்கு உண்டு

வருமான வரிக் காலத்தில் எமது மேசைக்கு முன்னால் வந்து அமரும் பெண்கள் பலர் "ஒரே களைப்பு அண்ணா" என்கிறார்கள். இரண்டு வேலை, குளிர், ஊரை நினைத்த கவலை என்று நாமும் தலையாட்டிவிட்டு ரசீதுகளைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். இரண்டு வருடங்களுக்கு முன் வந்த ஒரு தங்கை, பேசிக்கொண்டே கைப்பையில் இருந்து பச்சை அரிசி எடுத்துச் சப்பினார். வீட்டில் எல்லோரும் பகிடி பண்ணுவார்கள் என்றார். அது பகிடிக்குரிய விடயம் அல்ல. அரிசியோ ஐஸோ மண்ணோ சப்பவேண்டும் போலிருப்பது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம்.

நாம் வைத்தியர்கள் அல்லர். ஆனால் இதிலும் வரவு செலவு இருக்கிறது. ஈமோகுளோபின் கையில் உள்ள காசு. பெரிற்றின் வங்கியில் உள்ள சேமிப்பு. முதலில் கரைவது சேமிப்பு. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமிலும் குறைந்தால் குருதிச்சோகை. உணவிலிருந்து உடல் எடுக்கும் இரும்பு நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. மாதவிடாயும் பிள்ளைப்பேறும் இதிலிருந்துதான் கழிகின்றன.

ஊரில் இன்னொரு செலவும் உண்டு: கொழுக்கிப்புழு. மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் அதன் குடம்பி, வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தம் வழியே நுரையீரலுக்கும், பின் தொண்டை வழியே குடலுக்கும் போகிறது. அங்கே சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கிறது. சிறிய இனப் புழு ஒன்றால் நாளுக்கு 0.03 மில்லிலீற்றர் இரத்தம்தான் போகும். நூறு புழு என்றால் 3 மில்லிலீற்றர். அதாவது சுமார் 1 மில்லிகிராம் இரும்பு. அன்றைய வரவில் பாதியோ முழுவதுமோ போய்விடுகிறது.

இது எமக்குப் புதிய கதை அல்ல. தோட்டங்களில் வெறுங்காலோடு உழைத்த மலையகத் தமிழரிடையே இந்த நோய் மிகுந்திருந்தது. 1916இல் றொக்பெல்லர் அமைப்பு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. 1994 முதல் இலங்கையில் கர்ப்பிணிகளுக்கு, முதல் மூன்று மாதங்கள் கழிந்தபின், மெபென்டசோல் குளிசை கொடுக்கப்பட்டது. நிலாந்தி டி சில்வாவும் குழுவினரும் 7087 தாய்மாரை ஆராய்ந்து 1999இல் லான்செற் இதழில் எழுதினார்கள்: குளிசை எடுத்தவர்களிடையே பிள்ளை இறந்து பிறப்பதும் பிறந்த உடன் இறப்பதும் குறைவாக இருந்தன.

ரொறன்ரோவில் இப்புழு பரவுவதில்லை. பல வருடங்களுக்கு முன் வந்தவர்களின் உடலில் அது தானாகவே செத்திருக்கும். ஆகவே கண்டபடி பூச்சிக் குளிசை விழுங்கவேண்டாம். அண்மையில் ஊரிலிருந்தோ தமிழகத்து முகாமிலிருந்தோ வந்தவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். மலப் பரிசோதனை தேவையா என்று அவர் பார்ப்பார். அகதியாக வரும் இனப்பெருக்க வயதுப் பெண்களுக்கு ஈமோகுளோபின் பார்க்கவேண்டும் என்று 2011ஆம் ஆண்டுக் கனேடிய வழிகாட்டலே சொல்கிறது. அகதிக் கோரிக்கையாளருக்கு இடைக்காலக் கூட்டாட்சிச் சுகாதாரத் திட்டம் வைத்தியரையும் இரத்தப் பரிசோதனையையும் ஈடுசெய்கிறது. பெரிற்றினையும் கேட்டுப் பாருங்கள். 2024 செப்ரெம்பரில் ஒன்ராறியோ ஆய்வுகூடங்களில் வளர்ந்தோருக்கான கீழெல்லை 30 ஆக உயர்த்தப்பட்டது. முன்பு "நோர்மல்" என்று வந்த முடிவு இன்று அப்படி இல்லாதிருக்கலாம்.

அந்தத் தங்கையும் போனார். புழு இல்லை; சேமிப்புத்தான் வெறுமையாக இருந்தது. காரணம் அதிகப்படியான மாதவிடாய். அதைச் சொல்ல அவருக்கு இத்தனை காலம் வெட்கம். இப்போது இரும்புக் குளிசை எடுக்கிறார். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பதை நிறுத்திவிட்டார், தேத்தண்ணி இரும்பை உடலில் சேரவிடாது என்பதால்.

வீட்டில் அம்மாவோ அக்காவோ மனைவியோ களைப்பு என்றால், அடுத்த முறை தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நாமும் இப்போது ரசீதுகளைப் பார்க்கமுன் அதைத்தான் கேட்கிறோம்.