பிடிப்பும் விடுப்பும்

உழவன் தன் எருதுகளை நுகத்தில் பூட்டுகிறான். வேலை முடிந்ததும் அவிழ்த்து விடுகிறான். எருதின் வலிமை எவ்வளவு பெரிதாயினும், பூட்டாங்கயிறு அறுந்துவிட்டால் வண்டி நகராது. அவிழ்க்க இயலாதவாறு இறுகிக்கொண்டாலோ எருதுக்கு ஓய்வில்லை. ஆகவே வலிமையைப் போலவே, அவ்வலிமையைப் பூட்டவும் அவிழ்க்கவும் உதவும் சிறு கருவியும் இன்றியமையாதது. இவ்வுண்மை மாட்டுவண்டிக்கு மட்டுமன்று, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் பந்தயக் காருக்கும் பொருந்தும். காரில் பூட்டாங்கயிற்றின் தொழிலைச் செய்யும் உறுப்பே கிளட்ச் ஆகும்.

கொங்கு நாடு எந்திரங்களோடு நெடுநாள் பழகிய நாடு. 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே தம் முதற் பேருந்தைத் தாமே ஓட்டினார். நூல் ஆலைகளும் நீரிறைக்கும் பம்புகளும் பெருகிய கோயம்புத்தூரில், இரும்பை வார்க்கவும் கடையவும் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. இந்நகரைச் சேர்ந்த சு. கரிவரதன், மாருதி 800 காரின் சிறிய எஞ்சினைப் பொருத்தி ஒருவர் மட்டும் அமர்ந்து ஓட்டும் பந்தய வண்டிகளை உருவாக்கினார். ‘பார்முலா மாருதி’ எனப் பெயர் பெற்ற அவ்வண்டிகளால், பெருஞ்செல்வமில்லாத இளைஞரும் பந்தயக் களத்தில் இறங்க வழி பிறந்தது. 1995-இல் வானூர்தி விபத்தொன்றில் அவர் மறைந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் அமைந்துள்ள பந்தயத்தளம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பார்முலா மாருதியில் தம் பந்தய வாழ்வைத் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் பார்முலா ஒன் போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்னும் சிறப்பை எய்தினார்.

இத்தகைய வண்டிகளைச் செப்பனிடும் பட்டறைகளில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. எஞ்சினின் ஆற்றலைப் பெருக்கியபின், பழைய கிளட்ச் அதனைத் தாங்குமா? தாங்காதெனின் எத்தகைய புதிய கிளட்சைத் தேர்ந்தெடுப்பது? இதற்கு விடை காண, முதலில் கிளட்ச் இயங்கும் முறையை அறிதல் வேண்டும்.

எஞ்சினின் முனையில் ‘பிளைவீல்’ என்னும் கனத்த சக்கரம் எஞ்சினோடு சேர்ந்து சுழல்கிறது. அதனை ஒட்டி, இரு பக்கமும் உராய்வுப் பட்டை பதித்த மெல்லிய வட்டத்தட்டு ஒன்று உள்ளது. இதுவே கிளட்ச் தட்டு. கியர் பெட்டிக்குச் செல்லும் தண்டில் இது கோக்கப்பட்டுள்ளது. இதற்கு அப்பால் அழுத்தத் தட்டு ஒன்று, வலிய எஃகு வில்லின் துணையோடு கிளட்ச் தட்டைப் பிளைவீலின்மேல் இறுக்கி அழுத்துகிறது. அவ்வழுத்தத்தால் மூன்றும் ஒன்றாகிச் சுழல்கின்றன. எஞ்சினின் முறுக்கு விசை சக்கரங்களுக்குச் செல்கிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது வில்லின் பிடி தளர்கிறது. நடுவிலுள்ள தட்டு விடுதலை பெறுகிறது. எஞ்சின் தன் போக்கில் சுழல, வண்டி தன் போக்கில் நிற்கலாம், கியரையும் மாற்றலாம்.

பிடித்தலுக்கும் விடுத்தலுக்கும் இடைப்பட்ட சில கணங்களிலேதான் தேய்வு நிகழ்கிறது. நிற்கும் வண்டி புறப்படும்போது எஞ்சின் விரைவாகச் சுழல்கிறது, சக்கரமோ அசையவில்லை. இரண்டின் வேகமும் ஒன்றாகும் வரை கிளட்ச் தட்டு வழுக்கி உராய்கிறது. உராய்வினால் வெப்பம் பிறக்கிறது. எஞ்சினின் வேகம் மாறாதிருக்க, ஒரே சீரான விசையோடு வண்டி புறப்படுமாயின், வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்கு ஒப்பான அளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாக மாறுகிறது. 1,000 கிலோகிராம் எடையுள்ள கார், வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தை இவ்வாறு எட்டுமாயின், 12,500 ஜூல் வெப்பம் அம்மெல்லிய தட்டில் தோன்றும். ஒருமுறை தோன்றும் வெப்பத்தைப் பிளைவீலும் அழுத்தத் தட்டும் உறிஞ்சிக்கொள்ளும். அவை ஆறுவதற்குள் மீண்டும் மீண்டும் வெப்பம் பிறந்தால்தான் கேடு விளைகிறது.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்றமான வளைவில் முன்னே செல்லும் வண்டி நின்றுவிட்டால், பின்வரும் ஓட்டுநர் சிலர் நிறுத்துவிசையைப் பயன்படுத்தாமல், கிளட்சைப் பாதி பிடித்தும் பாதி விடுத்தும் வண்டியை அந்தரத்தில் நிறுத்தி வைப்பதுண்டு. வண்டி அசையாமல் நிற்கிறது. உள்ளேயோ தட்டு இடையறாது தேய்கிறது. சிறிது நேரத்தில் கருகிய நாற்றம் எழும். சமவெளியில் பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கவல்ல கிளட்ச், இவ்வாறு ஒரே நாளில் பாழாவதும் உண்டு. ஓட்டும் நேரமெல்லாம் மிதியின்மேல் காலை வைத்திருக்கும் பழக்கமும் இத்தகையதே. காலின் சிறு பளுவே வில்லின் பிடியைச் சற்றுத் தளர்த்தி, விடுவிக்கும் பேரிங்கையும் வீணே தேய்க்கும்.

தேய்ந்த கிளட்ச் தன் நிலையைத் தானே அறிவிக்கும். உயர்ந்த கியரில் மெல்லச் செல்லும்போது ஆற்றல் மிதியை முழுதும் அழுத்தினால், எஞ்சினின் ஒலி விரைந்து உயரும். வண்டியின் வேகமோ அதற்கேற்ப உயராது. இது வழுக்கலின் அடையாளம். மிதியை முழுதும் அழுத்தியும் கியர் கறகறவென்று ஒலித்தால், தட்டு முற்றிலும் விடுபடவில்லை என்பது பொருள். புறப்படும்போது வண்டி நடுங்கினால், எண்ணெய் பட்டோ வெப்பத்தால் கோணியோ உராயும் பரப்பு சீர்கெட்டிருக்கலாம். எண்ணெய்க் கசிவை அடைக்காமல் புதிய தட்டை மட்டும் மாற்றுவது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போன்றதே.

உராய்வுப் பட்டையின் வரலாறும் அறியத்தக்கது. இங்கிலாந்து நாட்டின் ஹெர்பர்ட் புரூடு என்பவர், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மலைச்சரிவில் இறங்கும் வண்டிகளை நிறுத்துவதற்கான உராய்வுப் பொருள்களை ஆராய்ந்தார். அக்காலத்து உராய்வுப் பட்டைகளுக்குப் பருத்தியும் பயன்பட்டது. ஆனால் மிகுந்த வெப்பத்தில் பருத்தி கருகியது. எனவே தீக்கு அஞ்சாத கல்நார் அதன் இடத்தைப் பற்றியது. பல பத்தாண்டுகள் உலகெங்கும் கிளட்சுகளிலும் நிறுத்துவிசைகளிலும் கல்நார் ஆட்சி செய்தது. பின்னரே அதன் கொடுமை தெளிவாயிற்று. தேய்ந்து உதிரும் கல்நார்த் தூள் மூச்சோடு நுரையீரலில் புகுந்து, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் முதலிய கொடிய நோய்களை விளைவிக்கும். ஆதலின் பழைய வண்டியின் கிளட்சைக் கழற்றும் தொழிலாளி, அதிலுள்ள தூளைக் காற்றுக் குழாயால் ஊதுதல் ஆகாது. ஈரத்துணியால் துடைத்து அகற்றுவதே தக்கது. கார் விரைந்து ஓடுவதைக் காட்டிலும், அதனைச் செப்பனிடுபவன் நெடுநாள் வாழ்வது பெரிது.

இனி, ஆற்றல் மிகுந்த காருக்கு ஏற்ற கிளட்சைத் தேர்வது எவ்வாறு எனக் காணலாம். ஒரு கிளட்ச் தாங்கக்கூடிய முறுக்கு விசை நான்கு அளவுகளைப் பொறுத்தது. அவை வில்லின் அழுத்தம், பட்டையின் உராய்வெண், உராயும் வளையத்தின் சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை என்பன. இந்நான்கையும் பெருக்கிவரும் தொகையே அக்கிளட்சின் தாங்குதிறன்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்க. அழுத்தம் 4,000 நியூட்டன், உராய்வெண் 0.3, ஆரம் 0.08 மீட்டர், பரப்புகள் 2 என்றால், தாங்குதிறன் 192 நியூட்டன் மீட்டர் ஆகும். எஞ்சின் தரும் மிகுதியான முறுக்கு விசை 140 நியூட்டன் மீட்டர் எனின், கிளட்ச் அதனை எளிதில் தாங்கும். எஞ்சினைத் திருத்தி அவ்விசையை 200 ஆக உயர்த்தினால், பழைய கிளட்ச் வழுக்கும். வழுக்கினால் வெப்பம், வெப்பம் மிகுந்தால் சாதாரணப் பட்டையின் உராய்வெண் குறையும், அது குறைந்தால் இன்னும் வழுக்கும். உராய்வெண் 0.2 ஆகத் தாழ்ந்தால் தாங்குதிறன் 128 ஆகிவிடும். திருத்தப்படாத எஞ்சினுக்கும் அது போதாது. பந்தயத்தின் நடுவே கிளட்ச் திடீரெனக் கைவிடுவதற்கு இதுவே காரணம்.

தாங்குதிறனை உயர்த்த நான்கு வழிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. வில்லின் அழுத்தத்தை 5,500 நியூட்டனாக உயர்த்தினால் தாங்குதிறன் 264 ஆகும். ஆனால் மிதி கனக்கும், கால் சோரும், எஞ்சின் தண்டைத் தாங்கும் பேரிங்கின்மேலும் பளு ஏறும். பட்டையை மாற்றிப் பீங்கானும் உலோகத் தூளும் கலந்து சுட்ட வில்லைகளைப் பதித்தால் அவை வெப்பத்தைப் பொறுக்கும். ஆனால் மெல்லப் பிடிக்காமல் சட்டென்று கவ்வும், பிளைவீலின் முகத்தையும் விரைவில் அரிக்கும். ஆரத்தைக் கூட்ட, உறைக்குள் இடம் வேண்டும். பெரிய தட்டு கனத்ததாகையால் கியர் மாற்றமும் மந்தமாகும். தட்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது நான்காம் வழி. மோட்டார் சைக்கிளின் சிறிய கிளட்சில் பல தட்டுகள் அடுக்கப்பட்டிருப்பது இதன்பொருட்டே. பார்முலா ஒன் வண்டிகளின் உள்ளங்கையளவான கிளட்சுகளும் கரிமத் தட்டுகள் பல அடுக்கியவையே. ஆயினும் அவற்றின் விலையும் பராமரிப்பும் எளியவர்க்கு எட்டாதவை.

ஆகவே வலிமை மிக்கதே சிறந்தது என்று கருதுவது பிழை. நகரத் தெருவில் நாள்தோறும் நூறுமுறை நின்று புறப்படும் காருக்கு, மென்மையாகப் பிடிக்கும் சாதாரணப் பட்டையோடு சற்றே வலிய வில் போதும். மலைச்சாலையில் செல்லும் காருக்கு வெப்பத்தைத் தாங்கும் திறன் முதன்மையானது. பந்தயக் காருக்கு விரைந்த பிடிப்பே வேண்டுவது. நடுக்கத்தையும் கனத்த மிதியையும் ஓட்டுநர் பொறுத்துக்கொள்வார். எஞ்சினின் உயர்ந்த முறுக்கு விசையைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிகுதியான தாங்குதிறன் இருப்பின் பெரும்பாலும் நலம். அதற்கு மிக மேற்பட்டால், திடீர் அதிர்ச்சியைக் கிளட்ச் வழுக்கி ஏற்பதற்கு மாறாக, கியரின் பற்களும் அச்சும் ஏற்கும். கிளட்சைக் காக்க முயன்று கியர் பெட்டியை இழப்பது அறிவுடைமையன்று.

தேர்ந்தெடுத்தபின்னும் கடமை முடிவதில்லை. பிளைவீலின் முகத்தைச் சமனாக்குதல் வேண்டும். தட்டையும் தண்டையும் நேராக அமைத்துப் பொருத்துதல் வேண்டும். தேய்ந்த பேரிங்கையும் உடன் மாற்றுதல் வேண்டும். புதிய பட்டை பிளைவீலோடு முழுதும் பொருந்தும்வரை, சில நூறு கிலோமீட்டர் தொலைவு பொறுமையோடு ஓட்டுதல் வேண்டும். புதிய கிளட்சோடு அன்றே பந்தயத்தில் இறங்குபவன், நெல்லை விதைத்த அன்றே அறுக்க நினைப்பவனுக்கு ஒப்பாவான்.

நின்ற நிலையிலிருந்து தொடங்கும் பந்தயத்தில், விளக்கு அணைந்த அக்கணத்தில் வண்டிகள் அனைத்தும் ஒன்றாகப் பாய்கின்றன. கிளட்ச் கைவிட்ட வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பின்வரிசை வண்டிகள் அதனை நோக்கி விரைந்து வருகின்றன. அந்நொடியில் இழக்கப்படுவது வெற்றி மட்டுமன்று. உயிருக்கும் இடர் நேரலாம். பட்டறையில் முதல்நாள் ஒருவன் மேற்கொண்ட கவனம், மறுநாள் களத்தில் இன்னொருவன் உயிரைக் காக்கிறது.

எருதின் வலிமையைப் போற்றும் உழவன் பூட்டாங்கயிற்றையும் நாள்தோறும் தடவிப் பார்க்கிறான். எஞ்சினின் ஆற்றலைப் பெருக்க விரும்புவோரும், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே தேயும் அம்மெல்லிய தட்டை மறத்தலாகாது. பிடிக்க வேண்டிய பொழுதில் பிடிக்கவும், விடுக்க வேண்டிய பொழுதில் விடுக்கவும் தவறாததே நல்ல கிளட்ச்.