‘இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும்’: அந்த எஸ்எம்எஸ் வந்தால் என்ன செய்வது?

சேலையூரில் ஒரு வீடு. மாலை ஆறரை மணிக்கு போனில் ஒரு எஸ்எம்எஸ் வருகிறது. ‘சென்ற மாத மின் கட்டணம் பதிவாகவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்’ என்று சொல்லி, கீழே ஒரு மொபைல் நம்பர். பில் கட்டியாச்சுன்னு தெரிந்தாலும், ‘ஒருவேளை பதிவாகலையோ?’ என்று மனசு பதறும். வீட்டில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வீடு கற்பனைதான், மெசேஜ் நிஜம். 2022-ல் இதுபோன்ற எஸ்எம்எஸ்கள் தமிழ்நாடு முழுவதும் பரவின. மின்வாரியமும், அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபுவும் பொதுமக்களை எச்சரித்தார்கள்.

மெசேஜிலேயே இருக்கும் பொய்

நம் மாநிலத்தில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கிடப்படுகிறது. ‘சென்ற மாத பில்’ என்ற பேச்சே இங்கே பொருந்தாது. வாரியம் அனுப்பும் எஸ்எம்எஸ்-ல் உங்கள் மின் இணைப்பு எண், தொகை, கடைசித் தேதி எல்லாம் இருக்கும். மோசடி மெசேஜில் இவை இருக்காது. அவசரம் மட்டும்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் அந்த நம்பருக்குப் பேசாதீங்க. மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரமும் கூப்பிட்டுக் கேட்கலாம்.

ஓடிபி சொல்லாமலே பணம் போவது எப்படி?

‘ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது’ என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். மோசடிக்காரர்களுக்கும் அது தெரியும். அதனால் அவர்கள் ஓடிபியைக் கேட்பதே இல்லை.

அந்த நம்பருக்குப் பேசினால் மரியாதையாகத்தான் பேசுவார்கள். “சார், ஒரு ஆப் டவுன்லோடு பண்ணுங்க. பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க, அப்டேட் ஆயிடும்” என்பார்கள். அவர்கள் சொல்லும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை கம்ப்யூட்டர் பழுதுபார்க்க உதவும் நல்ல ஆப்கள்தான். ஆனால் அதில் தோன்றும் எண்ணை எதிராளியிடம் சொல்லி அனுமதி கொடுத்துவிட்டால், உங்கள் போன் திரையில் தெரிவது அவருக்கும் தெரியும். பத்து ரூபாய் கட்ட நீங்கள் கார்டு நம்பரை அடிக்கும்போது அவர் பார்த்துக்கொள்கிறார். அடுத்து வரும் ஓடிபியும் அவர் கண்ணில் படுகிறது. பத்து ரூபாய் வெறும் தூண்டில்தான்.

இதே ஆட்டம் இப்போது டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல்களிலும் நடக்கிறது. முன்பின் தெரியாதவர் சொல்லி எந்த ஆப்பையும் போனில் ஏற்றாதீர்கள்.

பணம் போய்விட்டால், முதல் ஒரு மணி நேரம்

1. பேச்சை நிறுத்தி, மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். மெசேஜை அழிக்காதீர்கள்.

2. உடனே 1930-க்கு அழையுங்கள். எந்த வங்கி, எவ்வளவு தொகை, எப்போது போனது, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். புகார் பதிவானதும் தகவல் வங்கிக்குப் போகும். உங்கள் பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே இருந்தால் அது முடக்கப்படும். வேறு வங்கிக்கு மாறியிருந்தால் தகவல் அந்த வங்கிக்குப் போகும். ஏடிஎம்மில் பணமாக எடுத்துவிட்டால் பிடிப்பது கடினம். அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

3. கார்டுக்குப் பின்னால் இருக்கும் நம்பரில் வங்கியை அழைத்து, கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள்.

4. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் முழு விவரத்தையும் பதிவு செய்யுங்கள்.

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் பகுதிகள் 2022 ஜனவரி 1 முதல் செயல்படும் தாம்பரம் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. ஆனால் நேரில் போய்ப் புகார் கொடுக்கலாம் என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம்; முதலில் 1930.

வங்கியின் பொறுப்பு என்ன?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதைச் சொல்கிறது. உங்கள் மீதும் வங்கி மீதும் தவறு இல்லாமல் பணம் போயிருந்து, வங்கித் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு இழப்பு கிடையாது. உங்கள் கவனக்குறைவால் போயிருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை ஏற்படும் நஷ்டம் உங்களுடையது. சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், தகவலுக்கு 14448.

பணத்தைவிட முதலில் போவது தைரியம். ‘பிள்ளைகளுக்குத் தெரிந்தால் திட்டுவாங்களே’ என்று பல பெரியவர்கள் மறைக்கிறார்கள். அந்தத் தாமதம்தான் மோசடிக்காரருக்கு லாபம். இன்றைக்கே அம்மா, அப்பா போனில் 1930-ஐப் பதிந்து கொடுங்கள். “ஏதாவது ஆச்சுன்னா முதல்ல இதுக்குப் பேசுங்க, அப்புறம் எனக்கு. நான் திட்ட மாட்டேன்” என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.