மாட்ரிட்டில் இரண்டு நாள்: கிழமை பார்த்துப் போனால் காசு மிச்சம்

ஸ்பெயின் தலைநகரான மாட்ரிட்டில் இரண்டே நாள் தங்க நினைப்பவர்கள், டிக்கெட் எடுக்கும் முன் காலண்டரைப் பார்ப்பது நல்லது. அங்கே எதைக் காணலாம், எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதைக் கிழமையே தீர்மானிக்கிறது.

பெயர் பெற்ற ராஸ்ட்ரோ சந்தை ஞாயிறுகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் மட்டுமே கூடும். காலை 9 மணிக்குத் தொடங்கி, பிற்பகல் 3 மணிக்குக் கலைந்துவிடும். சரிவான தெருவின் இருபுறமும் பழைய சாமான், துணிமணி, தோல் பைகள் குவிந்திருக்கும். ஜேப்படிக்காரர்களும் உண்டு, பாஸ்போர்ட்டும் பணமும் உள்பையில் இருக்கட்டும்.

அன்று மாலையே பிராடோ அருங்காட்சியகம் செல்லலாம். 1819-ல் திறக்கப்பட்ட இங்கு ஞாயிறு மாலை 5 முதல் 7 வரை அனுமதி இலவசம். மற்ற நாட்களில் 6 முதல் 8 வரை. வரிசை நீளமாக இருக்கும். இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் காண இயலாது. வெலாஸ்கெஸ் 1656-ல் தீட்டிய ‘லாஸ் மெனினாஸ்’, கோயாவின் ஓவியங்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

திங்கட்கிழமை ரெய்னா சோபியா அருங்காட்சியகத்துக்கு. மாலை 7 முதல் 9 வரை இங்கும் கட்டணமில்லை. 1937-ல் குண்டுவீச்சில் அழிந்த கெர்னிகா ஊருக்காகப் பிக்காசோ வரைந்த பெரும் ஓவியம் இங்குதான் உள்ளது. ஸ்பெயினில் மக்கள் உரிமைகள் மீளும்வரை அது அங்கே போகக்கூடாது என்பது அவர் நிபந்தனை. அவர் 1973-ல் காலமானார். ஓவியம் 1981-ல்தான் ஸ்பெயின் சென்றது.

செவ்வாய்க்கிழமை இந்த அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அன்று வருபவர் பூட்டிய கதவைத்தான் காண்பார். ஆகவே சனி இரவு போய்ச் சேர்ந்து, செவ்வாய் காலை புறப்படுவதே சிக்கனம்.