தாய்-சேய் அட்டையில் காலியாக நின்ற கட்டங்கள்

2020 ஏப்ரல் கடைசியில் வேலூர், சித்தூர் மாவட்டங்களின் எல்லையில், சைனகுண்டாவிலும் பொன்னைக்கு அருகிலும் சாலையை மறித்துச் சுவர் எழுப்பினார்கள். கொரோனா பரவலைத் தடுக்கும் ஏற்பாடு அது. எதிர்ப்பு கிளம்பியதும் சைனகுண்டாச் சுவர் இடிக்கப்பட்டது. பெரிய வைத்தியம் என்றால் வேலூருக்கு ஓடிவரும் சித்தூர்க் குடும்பங்கள் ஏராளம். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு அந்தச் சுவர் என்னவாக இருந்திருக்கும்?

ஆந்திராவின் குப்பத்தை அடுத்த சாந்திபுரம் மண்டலமும் எல்லையோரத்தில்தான் இருக்கிறது. மூன்று மாநிலங்கள் கூடும் மூலை அது. பஸ் ஓடாத நாட்களில் இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு கர்ப்பிணியைத் தேடி வரக்கூடியவர்கள் ஏ.என்.எம். என்ற கிராமச் செவிலியரும் ஆஷா என்ற சுகாதார ஊழியரும்தான். அவர்களையே காய்ச்சல் கணக்கெடுக்கவும் வீடு வீடாக அனுப்பினார்கள்.

அவர்களுடைய வழக்கமான வேலையே பெரியது. கர்ப்ப காலத்தில் குறைந்தது நான்கு பரிசோதனைகள் நடக்க வேண்டும். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கினாலோ உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஆஷா வீட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும். 6, 10, 14-ஆம் வாரங்களில் தடுப்பூசி. ஒரு வருகை தவறினால், ஏறிக்கொண்டிருக்கும் ரத்த அழுத்தம் வலிப்பு வரும்வரை யார் கண்ணிலும் படாது.

தவறியது எவ்வளவு? முத்தடுப்பூசியின் முதல் தவணைகூடக் கிடைக்காத இந்தியக் குழந்தைகள் 2019-ல் சுமார் 14 லட்சம். 2020-ல் சுமார் 30 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கிட்டன. நேபாளத்தில் 9 ஆஸ்பத்திரிகளைக் கவனித்த ஆய்வில், ஊரடங்கின்போது அங்கே நடந்த பிரசவங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பச்சிளங்குழந்தை இறப்போ ஆயிரத்துக்கு 13-லிருந்து 40 ஆனது.

கவனித்து எழுதிவைத்தால் என்ன பயன் என்பதற்கு மும்பை சாட்சி. கொரோனா தொற்றிய கர்ப்பிணிகளுக்கென ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) அங்கே தனிப் பதிவேடு நடத்தியது. பதிவானவர்களில் இறந்தோர் முதல் அலையில் 0.7 சதவீதம், இரண்டாம் அலையில் 5.7 சதவீதம் என்று அதனால்தான் தெரிந்தது. நாட்டில் தடுப்பூசி 2021 ஜனவரி 16-லேயே தொடங்கியிருந்தும், கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது ஜூலை 2-ல்தான். கொடூரமான இரண்டாம் அலையை அவர்கள் ஊசி இல்லாமலே கடந்தார்கள். அது பெரிய தவறு.

பிரசவமும் தடுப்பூசியும் நிறுத்தக்கூடாத சேவைகள் என்று 2020 ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டியது. அடுத்த தொற்று வரும்போது தினசரி அறிக்கையில் தொற்று எண்ணிக்கையோடு, அன்று தவறிய கர்ப்பிணிப் பரிசோதனைகளின் எண்ணிக்கையும் வர வேண்டும். வீட்டில் பரிசோதனைகளையும் தடுப்பூசிகளையும் குறித்துவைக்கும் தாய்-சேய் அட்டை இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். காலியான கட்டம் கண்ணில் பட்டால் ஏ.என்.எம். வரும்வரை காத்திருக்காமல் நீங்களே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.