குடலில் குடியிருப்போர்

சேலத்துச் சுற்றுப்புறங்களில் குழித்தறி நெய்பவரைப் பலர் பார்த்திருப்பீர்கள். நாளெல்லாம் அவர் அமர்ந்தே இருக்கிறார். ஆயினும் குழிக்குள் கால்கள் மிதிகளை மாறி மாறி அழுத்துகின்றன. கை நாடாவை ஓட்டுகிறது. நாமக்கல்லிலிருந்து வடநாட்டுக்கு லாரி ஓட்டிச் செல்பவரும் அமர்ந்தே இருக்கிறார். ஆனால் வண்டி ஆயிரம் மைல் நகர்கிறது, அவர் நகர்வதில்லை. வண்டி நின்ற பிறகும் கைப்பேசித் திரை அவரை இருக்கையோடு பிணைத்துவிடுகிறது. அலுவலகக் கணினி முன் இருப்பவரின் நிலையும் இதுவே. இவ்வேறுபாடு குடலுக்குள்ளும் எட்டுமா என்பதுதான் கேள்வி.

மனித உடலில் வாழும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்குக் கூறுகிறது. பெரும்பாலானவை பெருங்குடலில் குடியிருப்பவை. நம்மால் ஜீரணிக்க இயலாத நார்ப்பொருளே அவற்றுக்கு விருந்து. அதைப் புளிக்கவைத்து அவை தரும் பொருள்களுள் பியூட்டிரேட் என்பது ஒன்று; பெருங்குடலின் உட்சுவருக்கு அதுவே முதன்மையான எரிபொருள். கேழ்வரகுக் களியும் கொல்லிமலைச் சாமையும் இவ்விருந்தை ஓரளவு அளிக்கின்றன. சேலத்தின் பெயரை நாடெங்கும் பரப்பிய ஜவ்வரிசியோ பெரும்பாலும் வெறும் மாவுச்சத்து. அது சிறுகுடலிலேயே ஏறக்குறைய கரைந்துவிடும். கீழே காத்திருப்போருக்கு மிஞ்சுவது சொற்பம்.

உணவு மட்டும்தானா? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கே நினைக்கத்தக்கது. உடலுழைப்பற்ற 32 பேர், உணவுப் பழக்கத்தை மாற்றாமல், வாரம் மூன்று நாள், அரைமணி முதல் ஒருமணி வரை, ஆறு வாரம் உடற்பயிற்சி செய்தனர். பியூட்டிரேட் உண்டாக்கும் திறன் அவர்கள் குடலில் பெருகிற்று. மெலிந்தவர்களிடம் இது தெளிவாகவே தெரிந்தது. பின்னர் ஆறு வாரம் பழையபடி உட்கார்ந்திருந்தனர். பெற்ற மாறுதல்கள் பெரும்பாலும் மறைந்தன! குடலின் குடிகள் சேமித்து வைக்கத் தெரியாதவர்கள் போலும்.

திரையின் ஒளி குடலுக்குள் புகுவதில்லை. அது நடையையும் உறக்கத்தையும் கவர்ந்துகொள்கிறது. நள்ளிரவில் முறுக்குப் பொட்டலத்தையும் பிரிக்கச் செய்கிறது. குடற்கிருமிகளுக்கும் இரவு பகல் உண்டு. நாம் உண்ணும் நேரமே அவற்றின் கடிகாரம். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2014இல், நெடுந்தூர விமானப் பயணத்தால் நாள்முறை குலைந்த இருவரின் குடற்கிருமிகளை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். அவ்வெலிகள் பருத்தன, இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் குறைந்தது. இருவரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லிவிட முடியாதுதான். எனினும் இரவெல்லாம் வண்டி ஓட்டுவோர் மிகுந்த மாவட்டத்தில் இதை அலட்சியம் செய்வதற்கில்லை.

வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வரையறுத்தது. சரக்கு ஏறும் வரை லாரிப்பேட்டையில் கைப்பேசியோடு காத்திருப்பவர் எழுந்து நடந்தால், அதில் ஒரு பங்கு அங்கேயே கழிந்துவிடும்.